பாட்டனாரின் தூண்டில் றீல்

பழைய பொருளொன்றைப் புதுக்குதல் எளிது; புதுக்கும்போது அதனைக் கெடாமற் காத்தலே அரிது. இவ்வுண்மையை நாம் எந்த நூலிலும் கற்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் சிறு பொறியொன்றே அதனை எமக்குக் கற்பித்தது. அக்கல்விக்கு நாம் கொடுத்த விலையையும் நேயர்களிடம் மறையாது சொல்லக் கருதுகின்றோம்.

சென்ற பள்ளி விடுமுறையில் ஒருநாட் காலை, எமது மூத்த மகன் அலுமாரியின் மேற்றட்டிலிருந்து பழைய பிஸ்கற் தகரப்பெட்டி ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தான். பதினான்கு வயதுப் பிள்ளைகள் தேடப் போவது ஒன்று. கண்டெடுத்து வருவது வேறொன்று. பெட்டிக்குள்ளே பழந்துணியிற் சுற்றப்பட்டுக் கிடந்தது அவனுடைய பூட்டனாரின் தூண்டில் றீல். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். அது பாதி சுற்றி, முனகி, நின்றுவிட்டது.

"அப்பா, இதைப் புதிதாக்குவோமா?" என்று கேட்டான்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே கேள்வியை நாமே எம்மிடம் கேட்டு, ஆராயாமல் விடையும் சொல்லிக்கொண்டவர்கள்.

இந்த றீல் எம் வீட்டுக்கு வந்த வரலாறு சிறியது. எமது பாட்டனார் திருகோணமலைக் கடற்படைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றியவர். 1957ஆம் ஆண்டில் பிரித்தானியர் அத்தளத்தை இலங்கை அரசிடம் கையளித்து வெளியேறினர். அவ்வேளை ஊர் திரும்பிய அதிகாரி ஒருவர் இதனைப் பாட்டனாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றார். பிரான்சு தேசத்து மிச்செல் றீல் இது. பாட்டனார் மாலை வேளைகளில் இதனுடன் கடற்கரைக்குப் போவார். வெள்ளிக்கிழமையில் மட்டும் மீனைத் தொடார். ஆதலால், றீலைத் துடைத்து எண்ணெயிடுவதற்கென்றே வெள்ளிக்கிழமையை ஒதுக்கி வைத்திருந்தார்.

1990ஆம் ஆண்டில் குடும்பம் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தபோது, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த பையினுள் இந்த றீலும் இருந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு புகைப்படமோ, பாட்டனார் எழுதிய ஒரு கடிதமோ எஞ்சியிருக்கவில்லை. எஞ்சியது இதுவே.

இவ்வகை றீலைப் பற்றி அறியாத நேயர்களுக்காக அதன் இயல்பைச் சற்று விளக்குதல் தகும்.

தையல் நூற்கட்டை ஒன்றை மேசைமேல் நிறுத்தி வைத்து, நூலின் முனையை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். கட்டை சுழலாமலே நூல் விளிம்பின் மேலாகக் கழன்று கழன்று வரும். இந்த றீலின் தத்துவம் முழுவதும் இதுவேயாகும். பழைய வகை றீலிலே நூற்கட்டை தானே சுழன்று நூலை விடவேண்டும். எறிந்த தூண்டிலின் வேகம் குறைந்த பின்னரும் கட்டை சுழன்றுகொண்டிருந்தால், நூல் சிக்கிப் பறவைக் கூடு போலாகிவிடும். நிலையான கட்டையில் அத்தொல்லை இல்லை. இங்கிலாந்தின் பிராட்போட் நகரைச் சேர்ந்த அல்பிரட் ஹோல்டன் இலிங்வேத் என்பார் 1905ஆம் ஆண்டில் இவ்வகை றீலுக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளி நூல் ஆலைகள் நிறைந்த ஊர் அது. கதிரிலிருந்து நூல் கழன்று வருவதைக் கண்ட கண்களுக்கு மீன் பிடிக்கும் பொறி தோன்றியதில் வியப்பில்லை.

எனினும், இப்பொறி உலகெங்கும் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டுபோன்ட் கம்பனி நைலோனை உலகுக்கு அறிவித்தது. நம் நாட்டவர் தங்கூசி என்று வழங்கும் அந்த வழவழப்பான ஒற்றையிழை கிடைத்த பின்னரே நிலையான கட்டைக்கு ஏற்ற நூல் வாய்த்தது. அக்காலத்திலே பிரான்சின் கிழக்கெல்லை மலைப்பகுதியில், கடிகாரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற குளூஸ் என்னும் ஊரிலிருந்து மிச்செல் றீல்கள் வெளிவந்தன. கடிகாரப் பற்சில்லு வெட்டிப் பழகிய கைகள் வெட்டிய பற்சில்லுகள் ஆதலால், அரை நூற்றாண்டு கடந்தும் அவற்றுட் பல இன்றும் தேயாது சுழல்கின்றன.

இன்று மேனாடுகளிற் பழைய றீல்களைத் தேடிப் பிடித்து மேம்படுத்துவோர் பலர் உளர். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில், மொண்டோக் போன்ற இடங்களில், அலையினுள் இடுப்பளவு நீரில் நின்று மீன் பிடிப்போர் பென் கம்பனியின் 704, 706 என்னும் பழைய றீல்களை இன்றும் விடாது வைத்திருக்கின்றனர். ஜப்பானிலே மலையோடைகளில் மீன் பிடிப்போர் சுவீடன் தேசத்து ஆபு கம்பனியின் கார்டினல் 3 என்னும் சிறு றீலை நாடுகின்றனர். அதற்கென்றே புதிய கைப்பிடிகளும் நூற்கட்டைகளும் கம்பி வளையங்களும் அங்கே செய்து விற்கப்படுகின்றன. புதிய றீல் வாங்கப் பணமில்லாதவர்கள் அல்லர் இவர்கள். தாம் கழற்றிப் பூட்டவல்ல பொறியொன்றே தமக்கு வேண்டும் என்பது அவர்களுட் பலரின் எண்ணம்.

ஆகவே மகனுக்குச் சம்மதம் சொன்னோம். ஆனால், ஒரு நிபந்தனை விதித்தோம். எதை மாற்றுவது என்று தீர்மானிக்குமுன், ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கின்றது என்பதை அவன் எமக்குச் சொல்லவேண்டும். ஆசிரியர் வீட்டுப் பிள்ளையின் தலைவிதி அது!

முதல் நாள் கழற்றினோம். வெள்ளைத் துணியொன்றை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே உறுப்புகளை இடமிருந்து வலமாக அடுக்கினோம். ஒவ்வொரு படியையும் மகன் கைத்தொலைபேசியிற் படமெடுத்தான். உள்ளே பழைய கிறீஸ் இறுகிப் பழுப்பு நிறப் பிசினாகியிருந்தது. கைப்பிடி சுற்றாது நின்றமைக்கு அதுவே காரணம், உறுப்பெதுவும் உடைந்திருக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பழைய பற்தூரிகையினால் துலக்கிய பின்னர், பற்சில்லுகள் புதியனபோல் வெளிப்பட்டன. பழைய றீல் "கெட்டுப் போயிற்று" என்று ஒதுக்கப்படுமிடத்துப் பலவேளை கெட்டிருப்பது கிறீஸ் மாத்திரமே. முதலில் துடைத்துப் பாருங்கள். பின்னரே மாற்றுவதைப் பற்றிச் சிந்தியுங்கள்.

இரண்டாம் நாள் இழுவைத் தடுப்பை ஆராய்ந்தோம். றீலின் உயிர்நிலை இதுவே. பெரிய மீன் இழுக்கும்போது நூல் அறாமல், கட்டை சற்றே வழுகிச் சுழன்று நூலை விட்டுக்கொடுக்கவேண்டும். அவ்வாறு விட்டுக்கொடுப்பதற்காகக் கட்டையினுள்ளே உலோக வாசர்களும் மென்மையான வாசர்களும் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. பழைய காலத்தில் மென்மையான வாசர்களைத் தோலினாலும் கம்பளத்தினாலும் வேறு பொருள்களாலும் செய்தனர். காலப்போக்கில் அவை காய்ந்து இறுகும். இறுகினால், முதலிற் பிடித்து நிற்கும். பின்னர் திடீரென வழுகும். ஓய்விலுள்ள பொருளின் உராய்வு, இயங்கும் பொருளின் உராய்வினும் பெரிது என்று வகுப்பிற் படிப்பிக்கின்றோமே, அதுவே இது. அவ்வேறுபாடு பெரிதாயின், மீன் முதன்முறை பாயும் கணத்திலேயே நூல் அறுந்துவிடும்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் நாம் பயன்படுத்துவது போன்ற விற்றராசு ஒன்றை மகன் தங்கூசியின் முனையிற் கொழுவி இழுத்தான். முள் மேலேறி நின்றது, பின்னர் கட்டை துள்ளி வழுக முள் கீழே விழுந்தது, மீண்டும் ஏறியது. குறையை அவனே கண்டுகொண்டான்.

கனடாவில் வாழும் எமது தமையனார், இவ்வகை றீலின் அளவுக்கே வெட்டப்பட்ட கரிநார் வாசர்களை ஒரு சிறு உறையில் அனுப்பிவைத்தார். வெப்பத்தையும் ஈரத்தையும் நன்கு தாங்குவது இக்கரிநார். அவற்றை மெல்லிய கிறீஸ் பூசி அடுக்கி, விற்றராசினால் மீண்டும் இழுத்தபோது முள் ஓரிடத்திலே அமைதியாக நின்றது. பழைய றீலுக்குச் செய்யத்தக்க மேம்பாடுகளுள் ஒன்றை மட்டும் தெரிவு செய்யுமாறு எம்மைக் கேட்டால், நாம் இதனையே சொல்வோம். செலவு சிறிது, பயன் பெரிது, பழைய வாசரை எப்பொழுது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம்.

தடுப்பை எவ்வளவு இறுக்குவது என்பதிலும் கணக்கொன்று உண்டு. நூல் தாங்கும் பாரத்தின் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை போதும் என்பது அனுபவசாலிகளின் வழக்கு. 6 கிலோகிராம் தாங்கும் நூலாயின் ஒன்றரைக் கிலோவில் வழுகுமாறு வைக்கலாம். ஆனால், மீன் நூலை இழுத்துச் செல்லச் செல்லக் கட்டையில் எஞ்சிய நூற்சுற்றின் ஆரை குறைகின்றது. தடுப்பின் முறுக்கம் மாறாதிருக்க ஆரை முக்காற் பங்காகக் குறைந்தால், ஒன்றரைக் கிலோ 2 கிலோவாகும். ஆரை பாதியானால் 3 கிலோவாகும். திருகாணியை எவரும் தொடாமலே தடுப்பு இருமடங்கு இறுகிவிட்டது! பெரிய மீன் தொலைவிற் போனபின் தடுப்பை மேலும் இறுக்குவோர் நூலை இழப்பதன் காரணம் இதுவே. மகன் இதனைத் தாளிற் கணித்துப் பார்த்துவிட்டு, "படிக்கும்போது இதையெல்லாம் சொல்லித் தரமாட்டார்களே," என்றான். இயற்பியல் ஆசிரியராகிய நாம் அதற்கு விடை கூறவில்லை.

மூன்றாவது, கம்பி வளையத்தின் வில். எறியும்போது பின்தள்ளப்படும் வளையம், கைப்பிடியைச் சுற்றியதும் மூடிக்கொண்டு நூலைப் பற்றவேண்டும். வளையத்தை மூடும் சிறு வில் ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்து களைத்து ஒருநாள் முறிந்துபோகும். பழைய றீல்களில் அடிக்கடி முறிவதும் அதுவே. எமது றீலின் வில் முறியவில்லை, எனினும் தளர்ந்திருந்தது. தமையனார் அனுப்பிய உறையிற் புதியதொன்றும் இருந்தது, மாற்றினோம்.

அமெரிக்கக் கரையோரத்துச் சிலர் இவ்விடத்தில் வேறொரு வழியைக் கைக்கொள்கின்றனர். வளையக் கம்பியை முற்றாக அகற்றிவிட்டு, நூலை விரலாலேயே உருளையின்மேல் எடுத்து வைக்கின்றனர். பென் 706 என்பது தொடக்கத்திலிருந்தே வளையமின்றிச் செய்யப்பட்ட றீல்தான். முறிவதற்கு வில்லில்லை, மணல் புகுந்து இறுகுவதற்குக் கீலுமில்லை. ஆனால், வளையத்தோடு செய்யப்பட்ட றீலிலிருந்து அதனை வெட்டி நீக்குவோர் ஒன்றை மறத்தல் கூடாது. சுழலியின் இருபுறமும் பாரம் ஒத்திருக்குமாறே அது வார்க்கப்பட்டுள்ளது. கம்பி நீங்கினால் சமநிலையும் நீங்கும். வேகமாகச் சுற்றும்போது றீல் முழுவதும் நடுங்கும். இழந்த பாரத்தை ஈடுசெய்ய ஏற்ற இடத்தில் எடை சேர்க்கத் தெரிந்தவரே அவ்வேலையைத் தொடங்கலாம்.

நான்காவது, போதிகைகள். "எல்லா இடத்துக்கும் குண்டுப் போதிகை போட்டால் இன்னும் இலேசாகச் சுற்றுமே," என்றான் மகன். பழைய றீல்கள் பலவற்றில் கைப்பிடியின் அச்சு வெறும் வெண்கலக் குழாயினுள்ளேயோ, உடலின் உலோகத்தினுள்ளேயோதான் சுழல்கின்றது. அங்கே குண்டுப் போதிகை பொருத்துவோர் உளர். சுழற்சி இலேசாவதும் உண்மையே. ஆனால், உருக்குக் குண்டுகளுக்கு உப்பு நீர் பகைவன். ஒருமுறை உப்பு உட்புகுந்து துரு ஏறினால், அது வெண்கலக் குழாயினும் மோசமாக உறுமும். வெண்கலம் பொறுமைசாலி, துளி எண்ணெய் கொடுத்தால் நெடுங்காலம் உழைக்கும். நன்னீர் ஓடையில் மீன் பிடிக்கும் ஜப்பானியருக்குப் பொருந்துவது திருகோணமலைக் கடலுக்குப் பொருந்தவேண்டும் என்ற நியதி இல்லை. வெண்கலக் குழாயைத் துடைத்து எண்ணெயிட்டு விட்டுவிட்டோம். மேம்பாடு என்ற பெயருடன் வருவன யாவும் மேம்பாடு ஆகா.

நீண்ட கைப்பிடி போடும் ஆசைக்கும் இதுவே விடை. கைப்பிடி நீண்டால் கைக்கு வலு கூடும்; அவ்வலு முழுவதும் பற்சில்லின் பல்லிலேயே போய் விழும். இந்த றீலின் கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் சுழலி நான்கு முறைக்கும் சற்றுக் குறைவாகவே சுற்றும். வேகம் வேண்டுவோர் ஐந்து ஆறு முறை சுற்றும் இக்கால றீலை வாங்குவதே அறிவுடைமை.

ஐந்தாவது, நூல். 1990களில் பரவிய பின்னல் நூல்கள் நைலோனிலும் மெல்லியவை, வலிமை மிக்கவை, பெரும்பாலும் நீளாதவை. நீளாமை நன்மையும் தீமையுமாகும். மீன் கடிப்பது விரலுக்கு உடனே தெரியும். மீன் பாயும் அதிர்ச்சியும் அவ்வாறே முழுதாகப் பற்சில்லைச் சேரும். தங்கூசி நீண்டு கொடுத்துத் தாங்கிய அதிர்ச்சியைத் தடுப்பு வாசர்களே இப்போது தாங்கவேண்டும். அன்றியும், மெல்லிய பின்னல் நூல் வெறும் உலோகக் கட்டையிற் பிடியாது வழுகும். அடியிற் சில மீற்றர் தங்கூசி சுற்றிய பின்னரே அதனைச் சுற்றவேண்டும். வளையத்து உருளை சுழலாது நின்றால், அந்நூல் காலப்போக்கில் உருளையிலேயே வாள்போற் பள்ளம் அறுத்துவிடும். எமது றீலின் உருளை சுழலவில்லை. ஆகவே, பின்னல் நூல் வேண்டாம், தங்கூசியே போதும் என்று மகனே தீர்ப்புக் கூறினான். எமக்கு மகிழ்ச்சி.

நான்காம் நாள் மாலை, அவன் கையில் அரத்தாள் ஒன்றைக் கண்டோம். றீலின் உடலில் ஆங்காங்கே குழிகள் விழுந்து, வெண்ணிற மா போன்ற படிவு இருந்தது. அதனைத் தேய்த்து, உடல் முழுவதையும் கண்ணாடிபோல் மினுக்கவேண்டும் என்பது அவன் எண்ணம். அப்போதுதான் அவனிடம் அக்கதையைச் சொன்னோம். அதுவரை எவருக்கும் சொன்னதில்லை.

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தம் நிலவிய காலம். மாலையில் மக்கள் மீண்டும் கடற்கரைக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர். நாம் பட்டம் பெற்று ஊர் திரும்பிய புதிது. தந்தையாரை மகிழ்விக்க எண்ணி, அவர் அறியாமல் இந்த றீலை எடுத்தோம். வெளிநாட்டார் பழைய றீல்களின் வர்ணத்தை உரித்து வெள்ளிபோல் மினுக்கியிருந்த படங்களைக் கண்டிருந்தோம். அதுவே எமக்கு மாதிரி. உரிந்திருந்த கறுப்பு வர்ணத்தை முற்றாக நீக்கி, பட்டறையொன்றின் சுழலும் துணிச்சில்லிற் பிடித்து, மூலைமுடுக்கெல்லாம் நாமே மினுக்கினோம். முகம் பார்க்கலாம் போலிருந்தது.

தந்தையாரின் கையிற் கொடுத்தோம். அவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் தடியிற் பொருந்தும் அடிப்பாதத்தின் உட்புறத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவினார். மீண்டும் ஒருமுறை தடவினார். "நல்ல வடிவாய் இருக்குது," என்று சொல்லி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றிரவு தாயார் வாயிலாகவே செய்தியை அறிந்தோம். அடிப்பாதத்தின் அவ்விடத்திலே பாட்டனார் கவராயத்தின் கூர்முனையினால் தமது பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் 1957 என்ற ஆண்டையும் கீறியிருந்தாராம். வர்ணமும் அழுக்கும் மூடியிருந்தமையால் நாம் அதனைக் கண்டிலோம். புகைப்படங்களும் கடிதங்களும் அழிந்த வீட்டில், பாட்டனாரின் கையெழுத்தென்று எஞ்சியிருந்தது அது ஒன்றே. அதனை எம் கையாலேயே அழித்துவிட்டோம். தந்தையார் அதுபற்றி எம்மிடம் ஒரு சொல்லும் சொன்னாரல்லர். சொல்லியிருந்தால் இவ்வளவு காலம் உறுத்தியிராது. அவர் காலமாகி இப்போது ஆறு ஆண்டுகளாகின்றன.

மினுக்கமும் நிலைக்கவில்லை. அலுமினியம் காற்றுப் பட்டவுடன் மெல்லிய படலமொன்றைத் தானே போர்த்துக்கொள்ளும். ஆனால் கடலுப்பு அப்படலத்தைத் துளைக்கும். வர்ணம் வெறும் அழகுக்காகப் பூசப்பட்டதன்று, அதுவே கவசம். கவசத்தைக் களைந்துவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோனோம். ஒரு மாரி கழியுமுன் குழி விழத் தொடங்கியது. மகன் கண்ட வெண்ணிற மா அதுவே.

கதையைக் கேட்ட மகன் அரத்தாளைக் கீழே வைத்தான். சற்று நேரங்கழித்து, "அந்த எழுத்தை நான் திரும்பக் கீறட்டுமா?" என்று கேட்டான். "கீறலாம். ஆனால் அது உன் எழுத்தாக இருக்குமேயன்றி, அவருடையதாக இராது," என்றோம். அவன் மேலும் கேட்கவில்லை.

அதன் பின்னர் நாமிருவரும் சேர்ந்து விதியொன்றை வகுத்துக்கொண்டோம். தேய்வதற்கென்றே செய்யப்பட்ட உறுப்புகளான வாசர், வில், கிறீஸ், நூல் என்பவற்றைத் தயங்காது மாற்றலாம். தேய்வதற்கல்லாது தாங்குவதற்கென்று அமைந்த உடல், பற்சில்லு, அச்சு என்பவற்றை வெட்டவோ துளைக்கவோ அராவவோ கூடாது. எந்த மாற்றத்தையும் நாளை ஒருவர் விரும்பினால் மீட்கக்கூடியதாகவே செய்யவேண்டும். நம் ஆலயங்களிற் குடமுழுக்கின்போது பீடத்து மருந்தைப் புதிதாகச் சாத்துகின்றனர். மூலமூர்த்தியைச் செதுக்கிப் புதிதாக்குவார் இல்லை. தேய்வது எது, நிலைப்பது எது என்று வகுத்தறிந்த பெரியோர் வழி அது.

குழி விழுந்த இடங்களை மென்மையான தூரிகையினால் மட்டும் துடைத்தோம். அடிப்பாதத்தைத் தொடவில்லை. உடலின் எஞ்சிய பாகத்துக்கு, அலுமினியத்திற் பற்றக்கூடிய அடிப்பூச்சொன்றும் அதன்மேற் கறுப்பு வர்ணமும் பூசினோம். உருக்குத் திருகாணி அலுமினியத்துடன் உப்பு நீரிற் சேர்ந்திருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஆதலால் ஒவ்வொரு புரியிலும் கிறீஸ் தடவிப் பூட்டினோம். கைப்பிடியைச் சுற்றியபோது பற்கொழுக்கியின் "டிக் டிக்" ஒலி எழுந்தது. இக்கால றீல்களில் அவ்வொலி இல்லையே, இதனையும் நிறுத்தலாமா என்று மகன் கேட்பான் என எதிர்பார்த்தோம். அவன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரைக்குப் போனோம். முதல் நான்கு எறியும் வீண். ஐந்தாம் எறியிற் பாரைக்குட்டி ஒன்று பிடித்தது. ஒருமுறை ஓடியது, தடுப்பு துள்ளாமல், இழுபடாமல், நூலை அளந்து விட்டுக்கொடுத்தது. சின்ன மீன்தான். மகன் அதனைக் கடலிலேயே விட்டுவிட்டான். வீடு திரும்பியதும் றீலை நன்னீரில் நனைத்த துணியினால் துடைத்து, வாசர்கள் நசுங்காதிருக்கத் தடுப்பைத் தளர்த்தி, உலரவிட்டு, பெட்டியில் வைத்தான். பாய்ந்து வரும் குழாய் நீரிற் பிடித்துக் கழுவுதல் கூடாது. அது உப்பை உள்ளேயே தள்ளிவிடும்.

அன்றிரவு தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். கழற்றிய பழைய வாசர்களும் வில்லும் சிறு போத்தல் ஒன்றினுள் இருந்தன. அதன்கீழ் மடித்த கடதாசி ஒன்று. எந்தெந்த உறுப்பு மாற்றப்பட்டது, எது மாற்றப்படவில்லை, எவ்வெண்ணெய் இடப்பட்டது என்பவற்றை வரிசையாக எழுதியிருந்தான். "அடிப்பாதத்தில் பூட்டனாரின் எழுத்தும் 1957 என்ற ஆண்டும் இருந்தன, 2003இல் அழிந்தன," என்றும் ஒரு வரி இருந்தது. யாரால் அழிந்தன என்று எழுதவில்லை. இறுதியில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் இவ்வாண்டையும் இட்டிருந்தான்.

நாம் பேனாவை எடுத்து, அவன் விட்ட இடத்தில் எம் பெயரை எழுதி, கடதாசியை மடித்து வைத்தோம்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இவ்வாறான பெட்டியொன்று இருக்கக்கூடும். அது றீலாக இருக்கவேண்டும் என்பதில்லை. மணிக்கூடாகவோ தையற் பொறியாகவோ இருக்கலாம். புதுக்குங்கள், தாராளமாகப் புதுக்குங்கள். ஆனால், முதலாவது திருகாணியைக் கழற்றுமுன், அதனை ஒருமுறை வெளிச்சத்திலே திருப்பிப் பாருங்கள்.